இயைபுத் தொடையும் இளைஞர் இசையும்

தொடை ஐந்தனுள் மோனையையும் எதுகையையும் போற்றிய அளவிற்கு இயைபினை நாம் போற்றவில்லை. அடிதோறும் இறுதி ஒன்றிவரும் அத்தொடைக்குப் புத்துயிர் தந்தது, புலவர் எதிர்பாராத ‘ராப்’ என்னும் பேச்சிசையாகும்.

1973 இல் நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில் வறிய இளைஞரிடையே தோன்றிய ஹிப்ஹாப் கலையின் உறுப்பே ராப். கோவை ஆதியும் நண்பர் ஜீவாவும் ‘ஹிப்ஹாப் தமிழா’ என்ற பெயரில் இணைந்து, 2012 இல் ‘ஹிப்ஹாப் தமிழன்’ என்னும் தம் முதற் பாடற்றொகுதியை வெளியிட்டனர். அவர்தம் புகழ்பெற்ற பாட்டாகிய ‘கிளப்புல மப்புல’ என்பதன் பெயரிலேயே இயைபு ஒலிக்கக் காணலாம். ஆங்கிலம் மிக விரவியது குறையே. ஆயினும், தாளம் பிறழாது விரையும் அந்நடைக்குத் தமிழ் இடங்கொடுக்கும் என்பதை அவர்கள் மெய்ப்பித்தனர்.

பொருளிலோ நமக்கு உடன்பாடில்லை. அப்பாட்டு மதுவருந்தும் இளம்பெண்டிரை இடித்துரைக்கின்றது. ஆடவர் குடியால் குடும்பங்கள் சிதைவதை லயங்களிற் கண்ட நாம், அவ்விடித்துரை முதலில் யாரைச் சேரவேண்டும் என்பதை அறிவோம்.

எளியோர் வலியோரை வினாவுதற்கும் பயன்பட்ட கலை அது. கங்காணியை எள்ளிய நம் தோட்டத்து நாட்டார் பாடல்களும் அப்பணியையே செய்தன. ராகலை மாணவர் நடையை அவ்விளைஞரிடமும், துணிவைத் தம் பாட்டியரிடமும் கற்பாராக.