பொறுப்பை ஒப்படைக்கும் காலம்

குரோம்பேட்டைத் தெருக்களில் இயங்கும் நகர் நலச் சங்கங்களில் பலவற்றைப் பணி ஓய்வு பெற்றவர்களே நடத்துகிறார்கள். பதிவு பெற்ற சங்கங்களுக்கு 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் பொருந்தும். நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் அதிகபட்சம் 3 ஆண்டுகள். ஆனால் மீண்டும் தேர்வாகத் தடையில்லை. ஒரே செயலாளர் பத்துப் பதினைந்து ஆண்டு நீடிப்பதற்கு இந்தத் தளர்வும் காரணம், வேறு ஆள் முன்வராததும் காரணம்.

விலகல் கடிதத்தோடு வேலை முடிவதில்லை. பொதுக்குழுவில் வரவுசெலவு தணிக்கை அறிக்கையை வைத்து, புதிய குழுவைத் தேர்ந்தெடுத்து, மாற்றத்தைப் படிவம் 7இல் மாவட்டப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். தீர்மான நகல் இல்லாமல் வங்கியில் கையெழுத்து அதிகாரம் மாறாது. மினிட் புத்தகம், ரசீதுக் கட்டு, பான் அட்டை, பீரோ சாவி எல்லாவற்றையும் பட்டியலிட்டுக் கையெழுத்து வாங்கிக் கொடுப்பதே நல்லது. மழைநீர் வடிகாலுக்காக எழுதிய பழைய மனுக்களின் நகல்கள்தான் உண்மையான சொத்து. அவைதான் முதலில் தொலைகின்றன.

பிறகு? ஆலோசகர் என்ற பெயரில் தினமும் தலையிடுவது புதியவர்களுக்குத் தொல்லை. அனுபவத்துக்கு வேறு இடம் இருக்கிறது. பல்லாவரம் நகராட்சியில் இருந்த குரோம்பேட்டை, 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்தது. வார்டுகளுக்குள் பகுதி சபைகளும் வந்துவிட்டன. 2022 நவம்பர் 1 அன்று இதே மாநகராட்சியின் பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கலந்துகொண்டார். பகுதி சபையில் பேசுவதற்குச் சங்கப் பதவி தேவையில்லை.