முப்பது நாள் முடிஞ்சு போச்சா? யார் சொன்னது?

செப்டம்பர்ல ஒரு கூட்டம், ஜனவரியில ஒரு கூட்டம். வருஷத்துக்கு ரெண்டு தடவை நம்ம பசங்க இங்கிலாந்துக்குப் படிக்க வந்து இறங்குறாங்க. வந்த முதல் மாசத்துல வாங்குறது மூணு சாமான்: பழைய லேப்டாப், ரைஸ் குக்கர், சைக்கிள். மூணும் பெரும்பாலும் இணையச் சந்தையில, முகம் தெரியாத யாரோ ஒருத்தர்கிட்ட. மூணுல ஒண்ணாவது சீக்கிரமே பல்லை இளிச்சிடும்.

அப்புறம் நடக்கிறதுதான் எனக்குத் தாங்க முடியலை. விக்கிறவனுக்கு ஒரு மெசேஜ் போடுவாங்க. அவன் "முப்பது நாள் முடிஞ்சிருச்சு, ஸாரி" என்பான். சந்தைத் தளத்துல புகார் பட்டனை அழுத்தினா, அதுவும் முப்பது நாள் கதையையே சொல்லும். நம்மாளு "போனது போகட்டும்"னு அந்த லேப்டாப்பைக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டு, பகுதி நேர வேலையில இன்னும் ரெண்டு ஷிஃப்ட் சேர்த்துக் கேட்பான்.

விஷயம் என்னன்னா, இந்த ஊர்ல ரெண்டு முப்பது நாள் இருக்கு. ஒண்ணு சந்தைத் தளம் தானா வச்சிருக்கிற வீட்டு விதி. இன்னொண்ணு 2015ல வந்த நுகர்வோர் உரிமைச் சட்டத்துல இருக்கிறது. ரெண்டையும் ஒண்ணுன்னு நினைக்கிறதாலதான் முக்கால்வாசிப் பேர் பணத்தை விடுறாங்க.

முதல்ல வீட்டு விதி. இது எங்கேயிருந்து வந்ததுன்னு பார்த்தா சுவாரசியமா இருக்கும். ஈபே 1995ல ஆரம்பிச்சப்போ அதுல வித்த முதல் பொருளே ஒரு உடைஞ்ச லேசர் பாயிண்டர்தான். 14.83 டாலர். உடைஞ்சதுன்னு சொல்லியே வித்ததால சண்டை இல்லை :-) ஆனா எல்லாரும் அப்படிச் சொல்லி விக்க மாட்டாங்களே? 1999ல ஈதன் காட்ஷ் என்கிற அமெரிக்கப் பேராசிரியர், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்துல இருந்து, ஈபே தகராறுகளை மின்னஞ்சல் வழியாவே சமரசம் செய்ய முடியுமான்னு சோதனை பண்ணிப் பார்த்தார். முடிஞ்சது. அதுக்கப்புறம் ஸ்கொயர்ட்ரேட் என்கிற நிறுவனம் அந்த வேலையை எடுத்துக்கிச்சு. பிறகு ஈபேயே தனக்குள்ள ஒரு தகராறு இலாகா வச்சுக்கிச்சு. 2003லிருந்து 2011 வரை அதைப் பார்த்துக்கிட்ட கோலின் ரூல், வருஷத்துக்கு சுமார் 6 கோடி தகராறு அதுவழியா தீர்ந்ததா எழுதியிருக்கார். பெரும்பகுதியைத் தீர்த்தது மனுஷங்க இல்லை, மென்பொருள்.

6 கோடி! எந்த நாட்டு நீதிமன்றத்துல இது நடக்கும்? அதனால அந்த ஏற்பாட்டை நான் குறை சொல்ல வரலை. நாள் கணக்குக்குள்ள இருந்தா முதல்ல போக வேண்டிய இடம் அதுதான். ஆனா அது நீதிமன்றம் இல்லை. சந்தையில கூட்டம் குறையாம இருக்கணும்னு சந்தைக்காரன் வச்ச பஞ்சாயத்து. அவன் "கேஸ் மூடப்பட்டது"ன்னு சொன்னா அவன் கதவு மூடிடுச்சு, அவ்வளவுதான். சட்டத்தோட கதவு வேற தெருவுல இருக்கு.

அந்தத் தெருவுக்கு வருவோம். வித்தவர் வியாபாரியா இருந்தா, பொருள் சொன்னபடி இருக்கணும், உருப்படியான தரத்துல இருக்கணும், எதுக்காக வாங்கினோமோ அதுக்கு உதவணும். இது பழைய பொருளுக்கும் உண்டு. நூறு பவுண்ட் பழைய லேப்டாப்புல புதுசோட பளபளப்பை எதிர்பார்க்க முடியாதுதான், ஆனா ஓடணும். "பார்த்து வாங்கினது, பொறுப்பில்லை"ன்னு வியாபாரி எழுதி வச்சாலும் செல்லாது.

சட்டத்துல வர்ற முப்பது நாள் என்னன்னா, அதுக்குள்ள பழுதுன்னா ரிப்பேர் பேச்சே இல்லாம "இந்தா உன் பொருள், எடு என் பணத்தை"ன்னு சொல்லலாம். முப்பது நாள் தாண்டினா அந்த ஒரு சலுகைதான் போகுது, மத்த உரிமை எல்லாம் அப்படியே இருக்கு. வியாபாரி தன் செலவுல ரிப்பேர் பண்ணணும், இல்ல மாத்திக் கொடுக்கணும். ஒரு தடவை ரிப்பேர் பண்ணியும் சரியாகலைன்னா பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். இதுல தங்கமான பகுதி ஆறு மாசக் கணக்கு. வாங்கின ஆறு மாசத்துக்குள்ள பழுது தெரிஞ்சா, அது கைக்கு வந்த அன்னைக்கே இருந்ததாத்தான் சட்டம் எடுத்துக்கும். "இல்லை, நீ கீழே போட்டே"ன்னு நிரூபிக்க வேண்டியது வியாபாரியோட தலைவலி. அந்த ஆறு மாசத்துக்குள்ள பொருளைத் திருப்பிக் கொடுத்தா "இத்தனை நாள் உபயோகிச்சியே"ன்னு பணத்துல பிடிக்கவும் முடியாது. கார், பைக்குக்கு மட்டும் விதிவிலக்கு.

எங்க வீட்டு மாடி அறைத் தம்பி கதையைச் சொல்றேன். திருநெல்வேலிப் பையன், முதுகலை. ஜனவரியில வந்த கையோட 210 பவுண்டுக்கு ஒரு புதுப்பிச்ச லேப்டாப் வாங்கினான். நாற்பத்தோராவது நாள் திரை பாதி கறுப்பாயிடுச்சு. அந்த வாரம் அவனுக்கு ரெண்டு அசைன்மெண்ட். கடைக்காரன் அதே பல்லவி, தளமும் அதே பல்லவி.

"விடுங்கண்ணே, இங்க்லீஷ்காரன்கிட்ட நாம சண்டை போட முடியுமா?"ன்னான்.

"ஏன்டா, சட்டம் அவனுக்கு மட்டுமா எழுதியிருக்கு? மாணவர் விசாவுல வந்தவன் வாங்கினாலும் வாங்கினதுதான்"னேன்.

முதல்ல பார்த்தது, வித்தவன் யாருன்னு. தளத்துல அவன் பக்கத்துல கீழே சின்ன எழுத்துல வியாபார முகவரியும் கம்பெனிப் பதிவு எண்ணும் இருந்துச்சு. கம்பெனீஸ் ஹவுஸ் தளத்துல அந்த எண்ணைப் போட்டா இலவசமாவே விவரம் வருது. நிஜக் கம்பெனிதான், உயிரோட இருக்கிற கம்பெனி. இது முக்கியம். மூடின கம்பெனி மேல சண்டை போட்டு என்ன பிரயோசனம்?

அப்புறம் ஒரு கடிதம். கோபம் இல்லாம, எட்டு வரி. இன்ன தேதி வாங்கினேன், இன்ன தேதி பழுது தெரிஞ்சது, ஆறு மாசத்துக்குள்ளதான், 2015 சட்டப்படி உங்க செலவுல ரிப்பேர் பண்ணுங்க, இல்ல மாத்திக் கொடுங்க. தம்பி எழுதின முதல் வரைவுல "நீங்க எல்லாம் நல்லா இருப்பீங்களா" பாணியில ஒரு வரி இருந்துச்சு. அதை எடுக்க வச்சேன்.

மூணாம் நாள் பதில். குரலே மாறிடுச்சு! "அனுப்பி வையுங்க, பார்க்கிறோம்." அனுப்பினான். ரெண்டு வாரம் கழிச்சுத் திரும்பி வந்தது. ஒன்பது நாள் நல்லா ஓடிச்சு, பத்தாம் நாள் அதே பாதிக் கறுப்பு. இந்த நேரமெல்லாம் தம்பி பல்கலைக்கழக நூலகத்துல கடனுக்குக் கிடைக்கிற லேப்டாப்பை வச்சுத்தான் ஓட்டினான். ராத்திரி பதினொரு மணிக்குத் திருப்பிக் கொடுக்கணும், அதுக்குள்ள எழுதினதையெல்லாம் தனக்கே மின்னஞ்சல் பண்ணிக்கணும். பார்க்கப் பாவமா இருக்கும்.

ரெண்டாவது கடிதம்: ஒரு ரிப்பேர் வாய்ப்பு கொடுத்தாச்சு, இனிமே முழுப் பணம். அவங்க "அறுபது சதவீதம் தர்றோம், லேப்டாப்பையும் நீங்களே வச்சுக்கோங்க"ன்னாங்க. தம்பி மனசு ஆடிச்சு. ஆடத்தானே செய்யும், 126 பவுண்ட்னா சும்மாவா? நான் வேண்டாம்னேன். மூணாவதா, வழக்குக்கு முந்தின அறிவிப்புக் கடிதம். பதினாலு நாள்ல 210 பவுண்ட் வரலைன்னா கவுண்டி கோர்ட்ல சின்னத் தொகை வழக்குப் போடுவோம்னு. இங்கிலாந்து, வேல்ஸ்ல 10,000 பவுண்ட் வரைக்கும் பொதுவா அந்த வழியிலதான் போகும். இணையத்துலயே போடலாம், வக்கீல் தேவையில்லை, கட்டணமும் தொகைக்குத் தக்கபடிதான். ஸ்காட்லாந்துல முறை வேற, வரம்பும் வேற.

பதினோராம் நாள் பணம் வந்துச்சு. அனுப்பின தபால் செலவு 12 பவுண்ட் மட்டும் வரலை. அதுவும் அவங்க தர வேண்டியதுதான், கேட்டா கிடைச்சிருக்கும். "போதும்ணே, ஆளை விடுங்க"ன்னுட்டான்.

இதெல்லாம் வியாபாரிகிட்ட வாங்கினாத்தான். ஒரு தனி ஆள் தன்னோட பழைய சாமானை விக்கிறார்னா கதை வேற. அங்க தரத்துக்கு உத்தரவாதம் இல்லை. சொன்ன விவரத்துக்குப் பொருந்தணும், விக்கிற உரிமை அவருக்கு இருக்கணும், பொய் சொல்லி வித்திருக்கக் கூடாது. அவ்வளவுதான். அதனால தனி ஆள்கிட்ட வாங்கும்போது கேள்வியை முன்னாடியே எழுத்துல கேட்டுடுங்க. "பேட்டரி எவ்வளவு நேரம் நிக்கும்? ஏதாவது பழுது இருக்கா?" அவர் "ஒண்ணுமில்லை, நாலு மணி நேரம் நிக்கும்"னு பதில் போட்டா அது விவரம் ஆயிடுது. வாயால கேட்டா காத்தோட போச்சு. ரொக்கமாக் கொடுத்து வாசல்ல வாங்கினா தளமும் பொதுவா கை கழுவிடும்.

சில பேர் மாசம் நாற்பது லேப்டாப் வித்துட்டு "நான் தனி ஆள்"னு போர்டு மாட்டியிருப்பாங்க. வியாபாரி தன்னை வியாபாரி இல்லைன்னு காட்டிக்கிறது இங்க 2008லிருந்தே தடை. அவங்க வித்த மத்த பொருட்களோட பட்டியலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க.

வெளிநாட்டுல இருக்கிற விற்பனையாளர்னா, காகிதத்துல உரிமை இருந்தாலும் வழக்குப் போட்டுப் பணத்தை வாங்குறது நடக்காத காரியம். அங்க தளத்தோட பஞ்சாயத்துதான் தெய்வம். நாளைக் கடத்தாதீங்க. அவங்க வித்தை ஒண்ணே ஒண்ணு: முதல்ல பத்து சதவீதம் தர்றேன்பாங்க, அப்புறம் இருபது, அப்புறம் முப்பது. நடுவுல "கேஸை மூடுங்க நண்பா, பணம் உடனே வரும்"னு ஒரு வரி. மூடினா பெரும்பாலும் திரும்பத் திறக்க முடியாது. பணம் கணக்குல விழுந்தப்புறம் மூடுங்க. பேச்சை வாட்ஸப்புக்கு இழுப்பாங்க, போகாதீங்க. தளத்துக்குள்ள இருக்கிற பேச்சுதான் சாட்சி.

அதுவும் தவறினா வங்கி. டெபிட் கார்டுல கொடுத்திருந்தாலும் சார்ஜ்பேக் கேட்கலாம், பொதுவா 120 நாள் வரைக்கும். இது சட்டம் இல்லை, விசா, மாஸ்டர்கார்டு வச்சிருக்கிற விதி. ஆனா தளத்துல புகார் ஓடும்போதே இதையும் ஆரம்பிச்சா தளம் தன் பக்கத்துக் கேஸை பெரும்பாலும் மூடிடும், ஒண்ணு முடிஞ்சப்புறம் இன்னொண்ணு. கிரெடிட் கார்டு இருக்கிறவங்க 1974 நுகர்வோர் கடன் சட்டத்தோட 75ஆம் பிரிவைச் சொல்லுவாங்க. 100 பவுண்டுக்கு மேல 30,000 வரைக்கும் விலை உள்ள பொருளுக்கு வங்கியும் பொறுப்புன்னு. உண்மைதான். ஆனா பணம் நேரா விற்பனையாளருக்குப் போகாம நடுவுல சந்தைத் தளம் வாங்கிக் கொடுத்தா, அந்தச் சங்கிலி அறுந்துடுச்சுன்னு வங்கி கைவிரிக்கலாம். சந்தையில வாங்கும்போது அதை மட்டும் நம்பி உட்காராதீங்க.

அப்புறம் பெட்டி வந்த அன்னைக்கே பிரிக்கிறதை போன்ல வீடியோ எடுங்க, சீரியல் எண் தெரியுற மாதிரி. சிரிப்பா இருக்கும்தான். தம்பி இப்போ கொத்தமல்லித் தூள் பார்சலைக்கூட வீடியோ எடுத்துத்தான் பிரிக்கிறான் :-)

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை, படிக்கிறது எந்திரவியல். பெரிய தொகைன்னா சிட்டிசன்ஸ் அட்வைஸ் நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்க, இலவசம். உங்க பல்கலைக்கழக மாணவர் சங்கத்துலயும் பெரும்பாலும் ஆலோசனை சொல்ல ஆள் இருப்பாங்க. தம்பியோட மூணு கடிதத்தையும் பேர் எடுத்துட்டு வச்சிருக்கேன், வேணும்கிறவங்க பின்னூட்டத்துல கேளுங்க. ஜெர்மனி, கனடா, ஆஸ்திரேலியா மக்களே, உங்க ஊர் முறை என்னன்னு யாராவது எழுதினா நல்லா இருக்கும்.