பார்ப்பவர் கண்ணிலிருந்து கடவுக்கோலத்தைக் காத்தல்

மாணவர்களே, நாயாற்றிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் பஸ்ஸில் நின்றபடி அப்பாவின் கையடக்கத் தொலைபேசியைத் திறக்கிறீர்கள் எனக் கொள்வோம். ஒன்பது புள்ளிகளின் மேல் உங்கள் விரல் ஒரு கோலம் வரைகிறது. பின்னால் நிற்பவர் அதைப் பார்த்துக்கொள்கிறார். மீன் விற்ற பணம் இருக்கும் வங்கிக் கணக்குக்கான ஒருமுறைக் கடவெண்ணும் அதே தொலைபேசிக்குத்தான் வரும்.

எழுத்துக்கும் இலக்கத்துக்கும் பதிலாகப் படத்தையோ கோலத்தையோ பயன்படுத்துவது வரைபியற் கடவுச்சொல் ஆகும். சொற்களை விடப் படங்கள் இலகுவில் நினைவில் நிற்கும் என்பதே இதன் அடிப்படை. ஆனால் அந்த வசதி பார்ப்பவருக்கும் உண்டு! 2017இல் அமெரிக்க ஆய்வொன்றில், ஆறு புள்ளிக் கோலத்தை ஒரே தடவை பார்த்தவர்களுள் ஏறத்தாழ 64 வீதத்தினர் அதைச் சரியாகக் கண்டுபிடித்தனர். ஆறு இலக்கப் பின் எண்ணில் இது 11 வீதம் மட்டுமே. விரல் செல்லும் கோட்டைத் திரையில் மறைத்தபோது 64 என்பது 35 ஆகக் குறைந்தது. எனவே அமைப்புகளில் கோலத்தைக் காட்டும் வசதியை நிறுத்திவிடுங்கள், செலவில்லாத வேலை.

அன்ட்ரொய்ட் பூட்டில் 389,112 கோலங்கள் வரையலாம். 'ஆகவே பாதுகாப்பானது' என்று விடை எழுதிவிடாதீர்கள். ஊகிப்பவருக்குத்தான் அது பெரிய எண். பார்த்தவருக்கு ஒன்றே ஒன்று.

பார்த்தாலும் பயனில்லாதபடி செய்ய முடியுமா? 2002இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு முறை முன்வைக்கப்பட்டது. உங்கள் இரகசியப் படங்கள் வள்ளம், இறால், பனை என்க. திரையில் பல படங்கள் சிதறிக் கிடக்கும். இம்மூன்றையும் மனத்துக்குள் இணைத்து முக்கோணம் அமைத்து, அதனுள்ளே எங்காவது தொட வேண்டும். படங்களைத் தொடத் தேவையில்லை. அடுத்த சுற்றில் படங்கள் இடம் மாறிவிடும். தொட்ட இடத்தைப் பார்த்தவருக்கு எந்த மூன்று படங்கள் என்பது இலகுவில் விளங்காது. ஆனால் பின்னர் 2006இல் வெளியான சோதனையில், ஒருமுறை உள்நுழையச் சராசரியாக ஒரு நிமிடத்துக்கும் மேல் எடுத்தது. பஸ்ஸில் அவ்வளவு பொறுமை யாருக்கு?

கண் மட்டுமன்றி விரலும் காட்டிக்கொடுக்கும். எண்ணெய்க் கையால் வரைந்த கோலத்தின் சுவடு கண்ணாடியில் படிந்திருப்பதை 2010இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒளிப்படங்களில் காட்டினர். கருவாடு தொட்ட கையென்றால் சொல்லவே வேண்டாம். திறந்த பின் திரையைத் துடையுங்கள்.

பயிற்சி: கோட்டை மறைத்த பின்னரும் 35 வீதத்தினர் கோலத்தைக் கண்டுபிடித்தது எவ்வாறு? இரண்டு காரணங்கள் தருக.