சோம்பேறித்தனம் இல்லை சார், வியாதி!

'உடம்பு முடியலை சார், லீவு வேணும்' என்று போன் செய்தால் மானேஜர் நம்புவாரா? ஜுரம் என்றால் தெர்மாமீட்டர் சாட்சி சொல்லும். கால் ஒடிந்தால் மாவுக்கட்டு சாட்சி சொல்லும். வெறும் அசதிக்கு யார் சாட்சி?

லண்டனில் ஒரு டாக்டர் சாட்சி சொன்னார். சாகும் வரை சொன்னார். பெயர் மெல்வின் ராம்ஸே.

1955 ஜூலை. ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியில் அவர் தொற்றுநோய் டாக்டர். 13-ம் தேதி அங்கே வேலை பார்த்த ஒரு டாக்டரும், ஒரு வார்டு சிஸ்டரும் படுத்தார்கள். தலைவலி, தொண்டை வலி, கிறுகிறுப்பு, கைகால் குடைச்சல். பன்னிரண்டே நாளில் எழுபது பேருக்கு மேல் காலி! 25-ம் தேதி ஆஸ்பத்திரியையே இழுத்து மூடினார்கள். திறக்க அக்டோபர் ஆயிற்று. மொத்தம் 292 ஊழியர்கள். வேடிக்கை என்னவென்றால், ஏற்கெனவே அட்மிட் ஆகியிருந்த நோயாளிகளில் மாட்டியது 12 பேர்தான்.

பலர் தேறி டூட்டிக்குத் திரும்பினார்கள். சிலருக்கு மட்டும் பழைய தெம்பு வரவே இல்லை. ராம்ஸே அவர்களை விடவில்லை, வருஷக்கணக்கில் கவனித்தார். நமக்கு நாலு மாடி ஏறினால் மூச்சு வாங்கும், ஒரு டீ அடித்தால் சரியாகிவிடும். இவர்களுக்கோ சின்ன வேலை செய்தாலே தசையில் பலம் திரும்ப மூணு நாள், நாலு நாள், அஞ்சு நாள்கூட ஆகும். இதுதான் இந்த வியாதியின் அடையாளம் என்றார் அவர்.

1970-ல் விழுந்தது இடி. இரண்டு மனநல டாக்டர்கள் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்ன'லில் எழுதினார்கள்: எல்லாம் ஹிஸ்டீரியா! அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று, படுத்தவர்களில் பெண்கள் அதிகமாம். நோயாளியை நேரில் பார்த்து அல்ல, பழைய கேஸ் ஷீட்டைப் புரட்டிச் சொன்ன தீர்ப்பு. (ஆம்பளைக்கு வந்தால் உடம்பு வலி, பொம்பளைக்கு வந்தால் பாசாங்கு... இந்தக் கணக்கைக் கேட்க லண்டன் வரை போகணுமா என்ன?)

ராம்ஸே ஒப்புக்கொள்ளவே இல்லை. எழுதினார், பேசினார், 1990-ல் காலமானார்.

அதே 1990-ல் அமெரிக்க மூட்டுவலி நிபுணர்கள் இன்னொரு பாவப்பட்ட வியாதிக்கு இலக்கணம் வகுத்தார்கள். ஃபைப்ரோமயால்ஜியா. உடம்பில் 18 இடங்களை அழுத்திப் பார்ப்பது, 11-ல் வலித்தால் அதுதான். (2010-ல் இந்தக் கணக்கை மாற்றிவிட்டார்கள்.) வியாதி வேறு, தலைவிதி ஒன்று: 'ரிப்போர்ட் எல்லாம் நார்மல், போய் வேலையைப் பாருங்க!'

போய் வேலையைப் பார்த்தால் என்ன ஆகும்? உழைத்தால் வியாதி ஏறும் என்பதே அசதி நோயின் முக்கிய குணம் என்று 2015-ல் அமெரிக்க நிபுணர் குழு அறிவித்தது. தினம் கொஞ்சம் கொஞ்சமாக உடற்பயிற்சியைக் கூட்டும் வைத்தியம் இதற்கு வேண்டாம் என்று 2021-ல் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டியே சொல்லிவிட்டது. ராம்ஸே இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

இதைக் கண்டுபிடிக்கத் தனி ரத்தப் பரிசோதனை இன்னும் இல்லை. ரத்தசோகை, தைராய்டு எல்லாம் இல்லையென்று பார்த்துவிட்டுத்தான் டாக்டர் முடிவுக்கு வருவார். அப்புறம் சொல்வது நம் சம்பளக் கணக்கு மாதிரிதான்: தெம்பு கையில் எவ்வளவோ அதற்குள் செலவு, கடன் கூடாது. குளித்தால் சமையல் இல்லை, கடைக்குப் போனால் மறுநாள் படுக்கை.

மாசக்கணக்கில் இப்படி இருக்கிறதா? நல்ல டாக்டரைப் பாருங்கள். திங்கட்கிழமை காலையில் மட்டும் வருகிறதா? அதற்கு ராம்ஸேவைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள், வரமாட்டார்!