கைக்கருவிக் கதைகள் – 17: கரிசலில் குழி, கனடாவில் துளை

போன ஜனவரியில் ஒரு நாள் காலை ஏழரை மணிக்கு அக்கா மகன் ஸ்கார்பரோவிலிருந்து கூப்பிட்டான். அங்கே முந்தின நாள் இரவு ஒன்பது.

“மாமா, பனங்கொட்டை நடக் குழி போடுவீங்களே, அது என்ன டிரில்லு?”

“எதுக்கு மாப்ளே? கனடாவுல பனை வைக்கப் போறியா?”

“இல்ல மாமா. ஏரியில ஓட்டை போடணும்.”

விஷயம் இதுதான். அவனோடு வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துப் பையன்கள் குளிர்காலத்தில் சிம்கோ ஏரிக்குப் போவார்களாம். டொராண்டோவுக்கு வடக்கே ஒரு மணி நேரப் பயணம். ஏரி கல்லாக உறைந்து கிடக்கும். அதன்மேல் நடந்துபோய், பனிக்கட்டியில் ஒரு துளை போட்டு, அதற்குள் தூண்டிலை இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். துளை போடும் கருவிக்கு ஆகர் என்று பெயர். ஒரு தண்டு, அதைச் சுற்றி மாடிப்படிபோல் வளைந்து ஏறும் தகடு, நுனியில் கத்தி. முன்பெல்லாம் கையால் சுற்றினார்கள். பிறகு பெட்ரோல் இன்ஜின் வந்தது. இப்போது பேட்டரி டிரில்லில் மாட்டிச் சுற்றுகிறார்கள். கடைக்குப் போனால் அலமாரி நிறைய டிரில், ஒவ்வொன்றின் மேலும் ஒரு எண். எதை எடுப்பது என்று பையனுக்குப் புரியவில்லை.

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தால், மூன்று வருஷத்துக்கு முன் சிவகாசி பக்கம் திருத்தங்கலில் நான் மாட்டிக்கொண்டு முழித்ததும் இதே கேள்விதான்.

சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில் வரும் தங்கால் எங்கள் ஊர்தான் என்பார்கள். அங்கே அது நீர் நிறைந்த கழனி சூழ்ந்த ஊராக வருகிறது. நான் பார்த்த திருத்தங்கல் மழைக்கு வானத்தைப் பார்க்கும் ஊர். ஒரு பக்கம் கரிசல், ஒரு பக்கம் சரள் கலந்த செம்மண், தோண்டினால் சில இடங்களில் இரண்டு சாணிலேயே சுக்கான் பாறை. தமிழக அரசு 2021-22 வேளாண் பட்ஜெட்டில் 76 லட்சம் பனை விதை கொடுப்பதாக அறிவித்த பிறகு, எங்கள் பக்கமும் கண்மாய்க் கரையில் பனங்கொட்டை ஊன்றக் கிளம்பினோம். முதல் ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையால் நாற்பது குழி. அடுத்த ஞாயிறு வந்தவர்கள் பாதிப் பேர். வராதவர்கள் உள்ளங்கையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள்.

சரி, மிஷின் என்று இறங்கினேன். மண் ஆகர் மூன்று அங்குலத்தில் ஒன்று, நான்கு அங்குலத்தில் ஒன்று வாங்கினேன். டிரில்தான் வீட்டிலேயே இருக்கிறதே என்று, சுவரில் படம் மாட்டும் 12 வோல்ட் டிரில்லில் நான்கு அங்குலத்தை மாட்டினேன். ஒரு சாண் இறங்கியது. நின்றது. டிரிக்கரை விடாமல் அழுத்தினேன். மோட்டார் முனகியது, பின்பக்கத் துவாரத்தில் நீலப்பொறி தெரிந்தது, கார்பன் பிரஷ் கருகிய வாடை வந்தது. அதோடு அந்த டிரில்லின் ஆயுள் முடிந்தது. தப்பு என்னுடையது.

அடுத்த டிரில்லை வோல்ட் பார்த்து வாங்கினேன். அது இரண்டாவது தப்பு.

வோல்ட் எண்ணை நம்புகிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. இந்த டிரில்களின் பேட்டரிக்குள் இருப்பது பெருவிரல் மொத்தத்தில் உள்ள லித்தியம் செல்கள். ஒரு செல்லின் சராசரி வோல்ட் 3.6. முழுசாக சார்ஜ் ஏறினால் 4.2. ஐந்து செல்லை வரிசையாகக் கோர்த்தால் சராசரி 18, உச்சம் 21. ஆக, 18 வோல்ட் என்று ஒரு கம்பெனி போடுவதும், 20 வோல்ட் மேக்ஸ் என்று இன்னொரு கம்பெனி போடுவதும், 21 வோல்ட் என்று மலிவு விலைக்காரர் போடுவதும் அதே ஐந்து செல்தான். நான் வாங்கியதில் 48 வோல்ட் என்று தங்க எழுத்தில் ஒட்டியிருந்தது. பேட்டரியைக் கழற்றி எண்ணினேன். ஐந்து செல்.

பார்க்க வேண்டிய எண் முறுக்குவிசை. பட்டறையில் டார்க் என்பார்கள். நியூட்டன் மீட்டரில் போட்டிருக்கும். கைக்கு அடக்கமான 12 வோல்ட் டிரில்லில் சுமார் 30 இருக்கும். வீட்டு உபயோகத்துக்கான 18 வோல்ட்டில் 50, 60. கனரக டிரில்களில் நூற்றுக்கு மேல். இதிலும் ஒரு சூது உண்டு. பெட்டியில் பெரிதாக அச்சடித்திருப்பது பெரும்பாலும் ‘ஹார்ட்’ டார்க். இரும்பில் போல்ட் இறுகி முட்டும் கடைசி நொடியில் காட்டும் உச்சம் அது. மரத்தில் ஸ்க்ரூ ஏறும்போது கொடுப்பது ‘சாஃப்ட்’ டார்க். அது பல டிரில்களில் முதல் எண்ணின் பாதியை ஒட்டித்தான் இருக்கும். ஆகர் மண்ணிலோ பனிக்கட்டியிலோ விடாமல் அரைக்கும் வேலைக்கு இந்த இரண்டாவது எண்ணைத்தான் பார்க்க வேண்டும். பெட்டியில் இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் கையேட்டில் இருக்கும். கனடாவில் இஞ்ச்-பவுண்டு கணக்கு. அதை 8.85 ஆல் வகுத்தால் நம் நியூட்டன் மீட்டர் வந்துவிடும்.

ஆகரின் அகலம் கூடக்கூட டார்க் தேவை எப்படிக் கூடுகிறது என்பதும் தெரிய வேண்டும். அகலம் இரண்டு மடங்கானால் கத்தி வழிக்கும் நீளம் இரண்டு மடங்கு. அந்த எதிர்ப்பு நடுத்தண்டிலிருந்து தள்ளி நிற்கும் தூரமும் இரண்டு மடங்கு. ஆகவே அதே வேகத்தில் இறங்க நான்கு மடங்கு முறுக்கு வேண்டும். மூன்றிலிருந்து நான்கு அங்குலத்துக்குப் போவது சின்ன விஷயம்போலத் தெரியும். டிரில்லுக்கு அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பாரம். மருமகன் எட்டு அங்குல ஆகர் கேட்டான். “பெர்ச் மீன் பிடிக்க ஆறு போதும் மாப்ளே” என்றேன். நான் பெர்ச் மீனைப் பார்த்ததுகூட இல்லை.

முதல் கியர், இரண்டாவது கியர் என்று டிரில் தலையில் ஒரு தள்ளுவிசை இருக்குமே, அதில் எப்போதும் 1. நிமிஷத்துக்கு 400, 500 சுற்று. வேகம் வேண்டும் என்று இரண்டில் போடுகிறவர்கள்தான் சீக்கிரம் சர்வீஸ் கடைக்கு வருகிறார்கள்.

இவ்வளவும் பார்த்து நல்ல டிரில் வாங்கிய பிறகும் குழி சரியாக விழவில்லை. ஆகர் இறங்கும், நடுவில் இறுகி நிற்கும், மேலே இழுத்தால் வராது. ஏன் என்று எனக்கு விளங்க வைத்தது நிலா.

1971இல் அப்பல்லோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலாவின் மண்ணில் பேட்டரி டிரில்லால் துளை போட்டார். அதன் மோட்டார்ப் பகுதியை உருவாக்கியதில் பிளாக் அண்ட் டெக்கர் கம்பெனிக்குப் பங்கு உண்டு. (பேட்டரி டிரில்லே விண்வெளிக்காகக் கண்டுபிடித்தது என்று ஒரு கதை சுற்றுகிறது. அது சரியில்லை. அந்தக் கம்பெனி 1961லேயே பேட்டரி டிரில்லைக் கடைக்குக் கொண்டுவந்துவிட்டது.) நிலாவின் உள்வெப்பத்தை அளக்க மூன்று மீட்டர் ஆழம் போக வேண்டும் என்பது திட்டம். ஒன்றரை மீட்டரைக் கொஞ்சம் தாண்டியதும் தண்டு இறுகிவிட்டது. கோளாறு டிரில்லில் இல்லை. தண்டுகளை ஒன்றோடொன்று இணைக்கும் இடத்தில் சுற்றுத்தகடு விட்டுப்போயிருந்தது. அரைத்த மண் மேலே ஏற வழியில்லாமல் அந்த இடத்தில் அடைத்துக்கொண்டது. மண் மாதிரி எடுக்க இறக்கிய இன்னொரு குழாயை வெளியே பிடுங்க இரண்டு விண்வெளி வீரர்கள் தோள் கொடுக்க வேண்டியிருந்தது. மறு வருஷம் அப்பல்லோ 16இல் தண்டைத் திருத்தி அனுப்பினார்கள், துளை அழகாக இறங்கியது. அந்த முறை ஜான் யங்கின் காலில் கேபிள் மாட்டி அறுந்து சோதனையே போயிற்று என்பது வேறு கதை.

கண்மாய்க் கரையில் என் ஆகர் சிக்கியதற்கும் அதே காரணம்தான். வெட்டுவது சுலபம், வெட்டிய மண்ணை மேலே ஏற்றுவதுதான் பாடு. கரிசல் காய்ந்தால் பாறை, நனைந்தால் பசை. நனைந்த கரிசல் தகட்டில் அப்பிக்கொண்டு ஆகரை ஒரு மண் உருளையாக்கிவிடும். அப்புறம் அது சுற்றும், இறங்காது. மழை பெய்து மூன்று நாலு நாள் கழித்து, கையில் பிடித்தால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிர்கிற பதத்தில் இருந்தால் வெண்ணெய் மாதிரி இறங்கும். அப்போதும் ஒரு மூச்சில் ஒரு அடி போகக் கூடாது. அரைச் சாண் இறக்கு, சுற்றிக்கொண்டே மேலே தூக்கு, மண்ணை உதறு, மறுபடி இறக்கு. சிக்கிவிட்டால் ரிவர்ஸில் போட்டுத் திருகிக் கழற்ற வேண்டும், இழுக்கக் கூடாது. பனிக்கட்டியில் இந்தத் தொல்லை குறைவு. கட்டி பொடிப்பொடியாகச் சீவிக்கொண்டு தானே மேலே வந்து கொட்டும்.

பேட்டரிக்கு வருகிறேன். 2 ஆம்பியர்-அவர் பேட்டரியில் அந்த ஐந்து செல் மட்டும் இருக்கும். 5 ஆம்பியர்-அவரில் பெரும்பாலும் பத்து செல், இரண்டிரண்டாகச் சேர்த்திருப்பார்கள். ஆகர் சிக்கும்போது மோட்டார் முப்பது நாற்பது ஆம்பியர் இழுக்கும். சின்ன பேட்டரியில் அத்தனையும் ஒவ்வொரு செல்லின் தலையிலும் விழும், பெரியதில் பாதி விழும். அதனால் பெரிய பேட்டரி அதிக நேரம் ஓடுவது மட்டுமில்லை, டிரில்லின் பலமே கூடும். ஒரே டிரில்லில் இரண்டையும் மாட்டிப் பார்த்தால் கையே சொல்லும்.

இங்கே வெயில் எதிரி, அங்கே குளிர். மதியம் கரையில் வேலை செய்துவிட்டுச் சூடாக இருக்கும் பேட்டரியைச் சார்ஜரில் போட்டால், நல்ல சார்ஜர் ஏற்ற மறுக்கும். ஆறட்டும் என்று நிழலில் வைக்க வேண்டும். கனடாவில் தலைகீழ். கடுங்குளிரில் செல்லுக்குள் இருக்கும் திரவத்தில் மின்சாரம் மெல்ல நகர்வதால் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும். பையன்கள் அதைச் சட்டைக்குள் உடம்போடு வைத்துக்கொண்டு போகிறார்களாம். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் மட்டும் போடவே கூடாது, செல் கெட்டுப்போகும்.

கையைப் பற்றி ஒரு வார்த்தை. நூறு நியூட்டன் மீட்டர் டிரில் ஓடும்போது ஆகர் கல்லில் கவ்வினால், ஆகர் நிற்கும், டிரில் சுற்றும். பக்கவாட்டுக் கைப்பிடியின் நீளம் கால் மீட்டர் என்றால் கைக்கு வரும் உதை நானூறு நியூட்டன், சுமார் நாற்பது கிலோ. கைப்பிடி இல்லாமல் பிடித்திருந்தால் அது மணிக்கட்டுக்குப் போகும். எனக்குப் போனது. பத்து நாள் இடது கையால் சாப்பிட்டேன். கைப்பிடி இல்லாத டிரில்லை ஆகருக்கு வாங்காதீர்கள். இறுகினால் தானே நின்றுவிடும் வசதி உள்ளதாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆகரைக் கவ்விப் பிடிக்கும் சக் 13 மில்லிமீட்டர், இரும்பில் இருக்கட்டும். ஏரியில் சக் நழுவினால் ஆகர் தண்ணீருக்குள் போய்விடும். அதனால் துளையை விட அகலமான ஒரு வட்டத்தகட்டை மேலே மாட்டிக்கொள்கிறார்கள்.

எங்கள் ஊருக்கே உரிய ஒரு விஷயத்தைச் சொல்லாமல் முடிக்க முடியாது. கார்பன் பிரஷ் உள்ள மோட்டார் ஓடும்போதெல்லாம் உள்ளே பொறி பறக்கும். பிரஷ் இல்லாத மோட்டாரில் அது இல்லை. சூடு குறைவு, பேட்டரியும் மிச்சம், ஆகையால் ஆகருக்கு அதுதான் சரி. ஆனால் ‘பிரஷ்லெஸ், பொறி வராது’ என்பதைக் கேட்டுவிட்டு, பட்டாசு ஆலை வளாகத்தில் வேப்பங்கன்று வைக்கக் குழி போட வரச்சொல்லி ஒருவர் கூப்பிட்டார். மறுத்துவிட்டேன். மருந்து கையாளும் அறைகளில் இரும்புக் கருவியையே தவிர்த்து, மரமும் பித்தளையும் செம்பும் புழங்குகிற தொழில் அது. பேட்டரி ஷார்ட் ஆனாலும் நெருப்பு, ஆகர் கல்லில் உரசினாலும் பொறி. பிரஷ் இல்லாத டிரில் வெடிமருந்துக்குப் பாதுகாப்பான டிரில் ஆகிவிடாது. சிவகாசி சுற்றுவட்டாரத்தில் இதை வாங்குகிறவர்கள் பெட்டியைத் திறக்கும் முன்பே இதை மனதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

மருமகனுக்கு நான் சொன்னது: 18 வோல்ட், பிரஷ்லெஸ், எண்பது நியூட்டன் மீட்டருக்குக் குறையாமல், 5 ஆம்பியர்-அவர் பேட்டரி இரண்டு, ஆறு அங்குல ஆகர். பனிக்கட்டி நான்கு அங்குலத்துக்குக் குறைவென்றால் ஏரியில் காலே வைக்காதே. நம் பக்கத்துக்கு: பனங்கொட்டைக்கும் வேலிக்கம்புக்கும் மூன்று அங்குலம் போதும், அதற்கு 60 தாங்கும். நான்கு அங்குலம் என்றால் நூறு வேண்டும். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கன்றுக்குழிக்கு இந்த டிரில்லை நினைக்கவே வேண்டாம். 52 சிசி, 63 சிசி பெட்ரோல் ஆகர்கள் வாடகைக்குக் கிடைத்தால் எடுங்கள். சுக்கான் தட்டினால் அதுவும் நின்றுவிடும்.

அங்கெல்லாம் எங்களுக்கு வேலையை முடித்துக் கொடுத்தது கடப்பாரைதான். யாழ்ப்பாணத்துப் பையன்கள் அதை அலவாங்கு என்கிறார்கள். அடுத்த வாரம் அது.