சாவடியில் கொடுத்த இரண்டு தெனாரியம்

நல்ல சமாரியன் உவமையை அறியாத கத்தோலிக்கக் குடும்பம் நம்மிடையே இல்லை. ஆயினும் அதன் முற்பகுதியே நம் உள்ளத்தில் ஆழப் பதிந்திருக்கிறது. குற்றுயிராய்க் கிடந்தவனின் காயங்களைச் சமாரியன் கட்டியதை நினைவில் வைத்திருக்கிறோம். அவனைச் சாவடியில் சேர்த்து, மறுநாள் இரண்டு தெனாரியம் கொடுத்து, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாக வாக்களித்ததை நாம் அவ்வளவாகச் சிந்திப்பதில்லை. இரக்கத்தின் கடினமான பகுதி அதுவேயாகும். ஹைட்டி நாட்டின் துயர வரலாறு இதனை நமக்கு நன்கு விளக்குகிறது.

கரீபியன் கடலிலுள்ள அவ்வறிய நாட்டை 2010-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள் மாலை 7.0 அளவுள்ள நிலநடுக்கம் தாக்கிற்று. தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸ் பெரும்பகுதி இடிந்தது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாக அந்நாட்டு அரசு கணக்கிட்டது. பேராலயம் வீழ்ந்தது, பேராயர் ஜோசப் செர்ஜ் மியோ அவர்களும் உயிர்நீத்தார்.

‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ என்னும் தொண்டு நிறுவனம் 1971-இல் பிரான்சு நாட்டில் தோன்றி, 1999-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றதாகும். 1991 முதலே அது ஹைட்டியில் பணியாற்றி வந்தது. எனவே உதவி புறப்படும் வரை காத்திராமல், அன்று மாலையே சிகிச்சை தொடங்கிற்று. அதன் சொந்த மருத்துவமனையே இடிந்துபோன நிலையில், முற்றங்களிலும் கூடாரங்களிலும் காயமுற்றோர் கவனிக்கப்பட்டனர். காற்றடைத்து நிறுத்தும் மருத்துவமனைக் கூடாரங்களைச் சுமந்து வந்த விமானம் தலைநகரில் இறங்க இயலாமல் அண்டை நாடான டொமினிக்கன் குடியரசுக்குத் திருப்பப்பட்டது. கூடாரங்கள் லாரிகளில் வந்து சேர்ந்து, ஒரு பள்ளி மைதானத்தில் நிறுவப்பட்டன.

இடிபாட்டிலிருந்து மீட்கப்பட்டவர் பிழைத்துவிட்டார் என்று நாம் எண்ணுவோம். ஆனால் நெடுநேரம் நசுங்கிய தசையிலிருந்து வெளிப்படும் பொருள்கள் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். மிகுதியான பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடும். சேலைன் உடனே ஏற்ற வேண்டும். பலருக்கு டயாலிசிஸ் தேவைப்படும். 1988-இல் ஆர்மீனியா நிலநடுக்கத்தில் இதனைக் கண்டுணர்ந்த சிறுநீரக வல்லுநர்கள் இதற்கென ஓர் உதவிக்குழுவை அமைத்தனர். அந்த முன்னேற்பாடு ஹைட்டி மக்களுக்குக் கைகொடுத்தது. ஆழ்ந்த அன்பு முன்கூட்டியே ஆயத்தமாகிறது!

கை கால் இழந்தோருக்கோ சிகிச்சை ஒரு நாளில் முடிவதன்று. மீண்டும் அறுவை, செயற்கைக் கால், நடைப்பயிற்சி எனப் பல மாதங்கள் நீளும். இந்நிலையில் அதே ஆண்டு அக்டோபரில் காலரா பரவிற்று. நிலநடுக்கம் அதற்குக் காரணமன்று, ஐ.நா. அமைதிப் படையினரின் முகாமிலிருந்து அந்நோய் ஆற்றுநீரில் கலந்ததென ஆய்வுகள் காட்டின. அடுத்த ஆண்டுகளில் ஏறத்தாழ 10,000 பேர் அந்நோயால் இறந்தனர். முதல் பரபரப்பு அடங்கிய பின்னும் அங்கே தங்கியிருந்த மருத்துவர்கள் காலரா சிகிச்சை நிலையங்களைத் திறந்தனர். லெயோகான் நகரில் சரக்குப் பெட்டகங்களால் அவர்கள் அமைத்த மருத்துவமனை 2015 வரை இயங்கிற்று.

அன்பர்களே, பேரிடர்ச் செய்தி கேட்டவுடன் நாம் பழந்துணிகளை மூட்டையாகக் கட்டுகிறோம். எண்ணம் நல்லதே. ஆனால் கேட்கப்படாத துணியும் பெயர் விளங்காத மருந்தும் துயருற்ற ஊரின் வழிகளை அடைத்துக் கொள்கின்றன. அங்குள்ளோருக்கு எது தேவையென்று அவர்களே வாங்கிக்கொள்ளப் பணமாக அனுப்புவதே மேல். கரித்தாஸ் இந்தியா போன்ற நம் திருச்சபை அமைப்புகள் அதற்கென்றே உள்ளன.

இன்னொன்றும் செய்யலாம். காணிக்கை கொடுத்த நாளை வீட்டு நாட்காட்டியில் குறித்து வைப்போம். ஆறு மாதம் சென்றபின், செய்தித்தாள்கள் அம்மக்களைப் பற்றி எழுதாத நாளில், அதே குடும்பம் மீண்டும் ஒரு சிறு தொகையை ஒதுக்கட்டும்; குடும்ப செபத்தில் அவ்வூரின் பெயரைச் சொல்லட்டும். சமாரியன் சாவடிக்காரனிடம் அளித்த வாக்கு அப்போது நம் வழியாய் நிறைவேறும்.