தவளை முட்டைக்குள் ஒரு ஸ்விட்ச்!

ஊட்டி, குன்னூர் பக்கம் மழைக்காலத்தில் புதர்த்தவளைகள் கத்துவதைக் கேட்டிருக்கிறீர்களா? இவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளைதான்!

முட்டைக்குள் நடப்பதை விஞ்ஞானிகள் அதிகம் ஆராய்ந்தது ஆப்பிரிக்க நகத்தவளையில். கரு 12 முறை பிரிந்து சுமார் 4,000 செல்கள் ஆகும்வரை ஜீன்கள் ஏறக்குறைய மௌனம். அம்மா சேர்த்துவைத்த சரக்கிலேயே பிழைப்பு ஓடுகிறது!

அதன்பிறகும் செல் பிரியும்போதெல்லாம் 'சிடிகே1' என்ற கைனேஸ் புரதம், ஜீன்களை நகலெடுக்கும் புரதங்கள்மீது பாஸ்பேட்டை ஒட்டிவிடும். நகலெடுப்பு நின்றுவிடும். பிரிந்து முடிந்ததும் பாஸ்பேட் நீங்கும், வேலை மறுபடி தொடங்கும்.

இந்தக் கைனேஸின் ஆற்றல் முதலில் தெரியவந்ததே தவளை முட்டையில்தான், 1971-ல். நம் செல்களிலும் இதே புரதம் உண்டு. இதன் உறவுக்காரக் கைனேஸ்களை அடக்கும் மாத்திரைகள்தான் இன்று மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படுகின்றன.